ஏரி மண் சொல்லும் வரலாறு

மாணவர்களே, கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியின் ஊருக்குச் சென்றபோது ஏரியைத் தூர் வாருவதைக் கண்டிருக்கிறீர்களா? வெட்டிய பள்ளத்தின் ஓரத்தை உற்று நோக்கினால் மண் ஒரே நிறத்தில் இராது. கரிய களிமண், அதன்கீழ் வெளிறிய மணல், மீண்டும் களிமண் என வரிவரியாகத் தெரியும். மழைநீர் அடித்துவரும் வண்டல் ஆண்டுதோறும் ஏரியின் அடியில் படிகிறது. பழையது கீழே இருக்கும்; புதியது மேலே இருக்கும். எவரும் தோண்டாத ஏரியில் இவ்வடுக்குகள் பல்லாயிரம் ஆண்டுகள் குலையாமல் கிடக்கும். தூர் வாரிய ஏரி உழவருக்கு நன்மை தரும். ஆய்வாளருக்கோ அது பக்கங்கள் கிழிந்த நூல்!

கருவி கொண்டு மழையை அளக்காத காலத்தின் வறட்சியை இவ்வடுக்குகளிலிருந்து அறியலாம். 1970-களில் குர்தீப் சிங் என்னும் அறிஞர், இராசத்தான் மாநிலத்து உப்பு ஏரிகளின் மண்ணில் புதைந்திருந்த மகரந்தத் தூளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். மகரந்தத்தின் மேலுறை எளிதில் மட்காது. ஈர நிலத்துச் செடிகளின் மகரந்தம் மிகுந்திருந்தால் அது மழை மிகுந்த காலம். பாலைச் செடிகளின் மகரந்தம் மிகுந்திருந்தால் வறண்ட காலம்.

தில்லிக்குத் தெற்கே, அரியானாவின் மேவாத் பகுதியில் கோட்லா தஹர் என்னும் பழைய ஏரிப்படுகை உள்ளது. குருகிராமிலோ பரிதாபாத்திலோ வாழும் உங்களுக்கு அது தொலைவான இடம் அன்று. அங்குச் சான்றாக நின்றவை சிறு நத்தை ஓடுகள். நீரில் உள்ள ஆக்சிஜனில் இலேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. வெயிலில் நீர் ஆவியாகும்போது இலேசானது மிகுதியாக வெளியேறும்; கனமானது மிகுதியாகத் தங்கிவிடும். பாயசம் வற்ற வற்ற இனிப்பு ஏறுவது போல, மழை பொய்த்து ஏரி சுருங்கும்போது எஞ்சிய நீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு ஏறுகிறது. நத்தை அந்நீரைக் கொண்டே தன் ஓட்டைக் கட்டுகிறது. நத்தை இறந்தபின்னும் ஓட்டில் அந்தக் கணக்கு அழியாமல் இருக்கும்.

ஓட்டின் வயதை எவ்வாறு அறிவது? உயிர்களின் உடலில் கதிரியக்கக் கார்பன் சிறிதளவு உண்டு. உயிர் பிரிந்தபின் அது ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சிய அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்கின்றனர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த யமா தீட்சித்தும் அவர்தம் குழுவினரும் இம்முடிவுகளை 2014-இல் வெளியிட்டனர். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓடுகளில் கனமான ஆக்சிஜன் திடீரென உயர்ந்திருந்தது. கோடைப் பருவமழை தளர்ந்து, அந்நிலை ஏறக்குறைய 200 ஆண்டுகள் நீடித்தது என அவர்கள் கணித்தனர். இருநூறு ஆண்டுகள் என்றால் எட்டுத் தலைமுறை! நல்ல மழையைப் பற்றி முன்னோர் சொல்லக் கேட்டதன்றி, கண்ணால் காணாமலே பலர் வாழ்ந்து முடிந்திருப்பர். சிந்துவெளிப் பெருநகரங்கள் தளரத் தொடங்கியதும் இக்காலத்தை ஒட்டியே ஆகும்.

ஆயினும் வறட்சியே நகரங்களை வீழ்த்தியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. இராசத்தானின் லூன்கரன்சர் ஏரியை ஆராய்ந்தோர், அது சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டதாக 1999-இல் தெரிவித்தனர். சிந்துவெளி நகரங்கள் செழிக்கத் தொடங்கியதோ அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே. அப்படியாயின், அருகில் ஓர் ஏரி வறண்டு கிடந்த காலத்திலேயே பெருநகரங்கள் எழுந்துள்ளன! ஓர் ஏரி தன்னைச் சூழ்ந்த நிலத்தின் மழையையே பதிவு செய்யும். ஆறுகள் தொலைவிலிருந்து கொண்டுவந்த நீரை அது அறியாது. ஆகவேதான் அறிஞர் ஒரே ஏரியோடு நில்லாமல் பல ஏரிகளின் மண்ணை ஒப்பிடுகின்றனர்.

நகரங்களை விட்டு நீங்கிய மக்கள் அழிந்துவிடவில்லை. அவர்களுள் பலர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து, சிற்றூர்களை அமைத்து, அங்கே பயிரிட்டு வாழ்ந்தனர்.