நீளும் கம்பம், தளரும் விறைப்பு

ஆவடியில் 1955இல் தொடங்கப்பட்ட டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, எஃகுத் தகட்டை வளைத்து விளிம்புகளை மின்சாரத்தால் ஒட்டிக் குழாய் செய்கிறது. அம்பத்தூரின் டிஐ சைக்கிள்ஸ் அதற்கு ஆறு வயது மூத்தது. சைக்கிள் ஃபிரேமுக்குக் கெட்டிக் கம்பி இருக்கக் குழாய் எதற்கு? இதற்கான விடை தெரிந்தால், அதே வட்டார அடுக்குமாடிகளில் நீச்சல் குளம் துடைக்கும் நீட்டு கம்பத்தையும் பார்த்து வாங்கிவிடலாம்.

எந்தக் கோலை வளைத்தாலும் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். நடுவில் இருக்கும் பொருள் ஏறக்குறைய சும்மா இருக்கும். எடை மட்டும் கூட்டும். நாணலும் பறவை எலும்பும் உள்ளே வெறுமையாக இருந்தும் உறுதியாக நிற்பதை கலிலியோ 1638இலேயே எழுதிவிட்டார். சுவர்த் தடிமன் மாறாமல் குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எடை இரண்டு மடங்குதான். விறைப்போ கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அலுமினியக் கம்பத்தின் ரகசியமும் இதுவே. அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அப்படியே. ஆனால் அதே எடைக்குப் பருமனான குழாய் செய்யலாம் என்பதால் அது வென்றுவிடுகிறது.

நீளம் இந்த லாபத்தைத் தின்றுவிடும். நுனியில் குப்பை அள்ளும் அதே வலை, அதே பருமன், 8 அடி 16 அடியானால் தொய்வு எட்டு மடங்கு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கம்பத்தில் உள்குழாய் இன்னும் ஒல்லி என்பதால் நிஜத்தில் அதற்கும் மேல். பிரஷ்ஷைச் சுவரில் அழுத்தும்போது வேறொரு கணக்கு, கணித மேதை ஆய்லருடையது: நீளம் இரட்டித்தால் கம்பம் நெளியாமல் தாங்கும் அழுத்தம் கால் பங்காகிவிடும். ஆகவே கடையில் இருப்பதிலேயே நீளமானதைக் கேட்காதீர்கள். இரு கரையிலிருந்தும் துடைக்கலாம் அல்லவா. பாதி அகலத்தை எட்டி, தரையைத் தொட்டு, கைப்பிடிக்கு இரண்டு மூன்று அடி மிஞ்சினால் போதும். முழுக்க இழுக்காமல் ஓரடியாவது உள்ளே விட்டுவைப்பது நல்லது.

பராமரிப்பில் பகை குளோரின் தண்ணீர்தான். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். கனம் சில நானோமீட்டர். குளத்து நீரின் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த இடத்தில் வரும் வெள்ளைப் பொடி, தின்ற உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இரண்டு குழாய்க்கும் நடுவே அது சேர்ந்தால் கம்பம் நீளவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. அந்த ஆக்சைடு படலத்தைத் தொழிற்சாலையிலேயே கனமாக்கிய ஆனடைஸ் கம்பம் கூடுதல் விலைக்குத் தகும். வேலை முடிந்ததும் குழாய்களைக் கழற்றி, நல்ல தண்ணீர் விட்டு, நிழலில் காயவைத்தால் பாதிக் கவலை தீரும்.

இறுகியதெல்லாம் எண்ணெயில் சரியாகும் என்பது நம் ஊர் நம்பிக்கை. இங்கே அது உதவாது. திருகிப் பூட்டும் லாக்கில், மையம் விலகிய பிளாஸ்டிக் துண்டு குழாயின் உட்சுவரில் அழுந்தி உராய்வால்தான் பிடிக்கிறது. கிரீஸ் போட்டால் வழுக்கும்.

மதிலை ஒட்டி மின்கம்பி போகும் தெருவாக இருந்தால் அலுமினியமே வேண்டாம், ஃபைபர்கிளாஸ் கம்பம் வாங்குங்கள். நீட்டிய கம்பத்தைத் தூக்கித் திருப்பும் நேரம் ஆபத்தானது. உலர்ந்த ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனாலும் கம்பியிலிருந்து தள்ளியே பிடியுங்கள், ஈரமானால் அந்த நம்பிக்கையும் இல்லை. வெயிலில் போட்டுவைத்தால் அதன் பிசின் உதிர்ந்து கண்ணாடி இழை கையில் குத்தும்.