தங்கத்துகள் காட்டிய வேலி

ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே காலை வெயில் ஒரு கற்றையாக விழும்போது, அதில் தூசுகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசு அறை முழுவதும்தான் இருக்கிறது. கற்றைக்குள் இருப்பது மட்டும் தெரிவானேன்? தூசு ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கிறது, பின்னணியோ இருட்டு.

இதே உத்தியை சீடன்டாப், சிக்மாண்டி என்ற இரு விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் கையாண்டு 1903-இல் வெளியிட்டனர். தங்கம் கலந்த சிவப்புக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சியபோது, உள்ளிருந்த தங்கத்துகள்கள் தனித்தனிப் புள்ளிகளாக மின்னின. சிக்மாண்டிக்கு 1925-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. ஆகவே அவற்றின் வடிவம் தெரியாது. இரவில் தொலைவில் வரும் சைக்கிள் விளக்கை நினைத்துப் பாருங்கள். சைக்கிள் தெரியாவிட்டாலும் அது எங்கே வருகிறது, எப்பக்கம் திரும்புகிறது என்று சொல்லிவிடலாம் அன்றோ? ஒரு மூலக்கூறின் போக்கை அறிய இது போதும்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு திரவம் போன்றது, அதில் மூலக்கூறுகள் மிதந்து திரிகின்றன என்று 1972-இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் விளக்கினர். ஆனால் ஒரு புதிர். செயற்கைச் சவ்வில் விரைந்தோடும் கொழுப்பு மூலக்கூறு, உயிருள்ள செல்லின் சவ்வில் 5 முதல் 100 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தடுப்பது எது?

ஜப்பானில் அகிஹிரோ குசுமியின் குழுவினர், எலியின் சிறுநீரகச் செல்களில் இம்மூலக்கூறின் மேல் 40 நானோமீட்டர் தங்கத்துகளை ஒட்டினர். சாயம் ஒளிபட்டு விரைவில் மங்கிவிடும், தங்கம் மங்காது. இங்கே பின்னணி வெளிச்சமானது. தங்கம் அதில் கரும்புள்ளியாகத் தெரியும். நொடிக்கு 40,000 படங்கள் எடுத்தனர்! 2002-இல் முடிவு வெளிவந்தது. மூலக்கூறு சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள ஓர் அடைப்புக்குள் சராசரியாக 11 மில்லி நொடி சுற்றித் திரிகிறது; பிறகு பக்கத்து அடைப்புக்குத் தாவுகிறது.

சாதாரண வீடியோவில் இது ஏன் தெரியவில்லை? நொடிக்கு 30 படங்கள் என்றால், இரு படங்களுக்கிடையே 33 மில்லி நொடி. அதற்குள் மூன்று தாவல்கள் முடிந்துவிடும்! படத்தில் மந்தமான அலைச்சல் மட்டுமே பதியும்.

இவ்வளவு பெரிய தங்கத்தைச் சுமந்ததால்தான் மெதுவாயிற்றோ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சாயம் மட்டும் ஒட்டிய மூலக்கூறுகளும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் பரவின.

வேலியாக நிற்பது, சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்னும் புரத இழைகளால் பின்னிய சட்டகமும், அதில் கம்பங்கள்போல் ஊன்றிய புரதங்களுமே என்றனர் ஆய்வாளர்கள். அச்சட்டகம் இல்லாத சவ்வுக் கொப்புளங்களில் அதே மூலக்கூறு, செயற்கைச் சவ்வில் போலவே தங்குதடையின்றி ஓடியது.