பொருத்திய கையும் நாளாந்தக் குளிசையும்

மிதிவெடியில் காலை இழந்த சகோதரிகள், "இன்னொருவரின் காலைப் பொருத்த ஏலாதா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பொருத்துவதைவிட, அதை உடல் ஏற்கச் செய்வதே கடினம். பிரான்சின் லியோன் நகரில் 1998 இல் ஒருவருக்குப் பொருத்திய கை, அவர் குளிசைகளை ஒழுங்காக எடுக்காததால் 2001 இல் அகற்றப்பட்டது.

அந்நியமானதைத் தாக்குவது நோயெதிர்ப்புச் சக்தியின் வேலை. தோலை அது மிகக் கடுமையாக எதிர்க்கும். ஆனால் தோல் சிவந்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். வைத்தியர் உடனே மருந்தைக் கூட்டலாம். டக்ரோலிமஸ் போன்ற குளிசைகளை ஆயுள் முழுவதும் எடுக்கவேண்டும். அவை கிருமித்தொற்றுக்கு வழிவிடும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

வெடி அகற்றுகையில் இரு கைகளையும் இழந்த ஆப்கான் இராணுவ வீரருக்கு, 2015 இல் கொச்சியில் இரு கைகளும் பொருத்தினார்கள். அவருக்கு அது தகும். ஒரு காலை இழந்தவருக்கு, என்னைக் கேட்டால், செயற்கைக் காலே மேல். அது உரசிப் புண்ணாக்கினால் பொறுத்திருக்காமல், செய்த நிலையத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள்.