ஷொப், ஸ்டோர், பூட்டிக்: எந்தக் கடைக்கு எந்தச் சொல்?

வெள்ளவத்தைக் காலி வீதி முழுவதற்கும் தமிழில் ஒரு சொல் போதும். புடவைக்கடை, நகைக்கடை, பலசரக்குக்கடை, சைவக்கடை என்று விற்கிற பொருளை முன்னால் போட்டுக் ‘கடை’யை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. நாலு மாடிப் புடவை மாளிகையும் கடைதான், வெற்றிலை விற்கிற பெட்டியும் கடைதான். இதே வீதியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பேனா தடுமாறும். என்ன விற்கிறார்கள் என்பதோடு ஆங்கிலம் நிற்பதில்லை. எத்தனை பேர் விற்கிறார்கள், சாமானை யார் எடுக்கிறார்கள் என்றும் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றிலுள்ள பலசரக்குக்கடையைப் பாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் சாமான். “அரைக் கிலோ மைசூர்ப் பருப்பு” என்றதும் முதலாளி சாக்கிலிருந்து பேணியால் அள்ளித் தராசில் கொட்டுகிறார். முள் கொஞ்சம் கூடினால் நாலு பருப்பைக் கிள்ளி எடுக்கிறார். விலையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் என்றால் கொப்பியில் ஏறும். ஆங்கிலத்தின் பழைய ‘ஷொப்’ இதுதான். பிரித்தானிய ஆங்கிலம் பழகிய நமக்கு, சந்தேகம் வந்தால் ஷொப் என்று எழுதிவிடுவது பாதுகாப்பு. அமெரிக்கர் இதையே ‘ஸ்டோர்’ என்பார்கள். பிரித்தானியரிடம் ஸ்டோர் என்றால் பெரும்பாலும் பெரிய இடம், அல்லது சாமான் அடுக்கிவைக்கும் களஞ்சியம்.

அந்த மேசையை உடைத்தவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916-இல் ‘பிக்லி விக்லி’ என்ற விசித்திரப் பெயரில் அவர் திறந்த கடையில், வாங்குபவரே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுழல் கதவு வழியாக நுழைந்தால் திரும்பி வர வழியில்லை. எல்லாத் தட்டுகளையும் கடந்துதான் காசாளரிடம் வந்து சேர வேண்டும். அரிசிக்கு வந்தவர் சவர்க்காரத்தையும் பார்த்துவிடுகிறார், பார்த்தால் கை போகிறது. விலை கேட்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு பொருளிலும் விலை குறிக்க வேண்டியதாயிற்று. இந்த அமைப்புக்கே அவர் 1917-இல் காப்புரிமை வாங்கினார், ஒரு இயந்திரத்துக்கு வாங்குவதுபோல. 1930-இல் நியூயோர்க்கில் மைக்கேல் கல்லன் இதைப் பெரிய கொட்டகையில், மலிவு விலையில், வாகனத் தரிப்பிடத்தோடு நடத்திக்காட்டினார். ‘சுப்பர் மார்க்கெட்’ உருவெடுத்தது அப்படித்தான். கொழும்புக்கு அது வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது: கார்கில்ஸ் தன் முதல் ஃபூட் சிட்டியை 1983-இல் ஸ்டேபிள்ஸ் வீதியில் திறந்தது.

அதே கார்கில்ஸுக்குக் கோட்டை யோர்க் வீதியில் 1906-இல் எழுந்த சிவப்புக் கட்டடம் வேறு வகை. ஒரே முதலாளி, ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு சரக்கு: அது ‘டிபார்ட்மென்ட் ஸ்டோர்’ ஆக இருந்தது. 2019-இல் காலிமுகத்திடலுக்கு எதிரே திறந்த ஒன் கோல் ஃபேஸோ ‘மோல்’. கட்டடக்காரர் ஒருவர், வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் பலர். வெள்ளவத்தைச் சந்தையிலும் விற்பவர் பலர்தான். ஆனால் மீனும் மரக்கறியும் திறந்த தட்டில் கிடக்கும், பேரம் பேசலாம். அதனால் அது ‘மார்க்கெட்’. மெனிங் சந்தை மாதிரி மொத்த வியாபாரம் நடந்தாலும் மார்க்கெட்தான்.

இலங்கைக்காரரை மாட்டிவைக்கும் சொல் ‘பூட்டிக்’. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, கையெட்டாத விலையில் தொங்கும் நாலு சட்டைகள் நினைவுக்கு வரும். நம் ஊர் ஆங்கிலத்தில் பல தலைமுறையாக அதற்குப் பொருள் வேறு: தெருவோரப் பெட்டிக்கடை, தேத்தண்ணிக் கடை. போர்த்துக்கேயரின் ‘புத்திக்கா’ விட்டுச்சென்ற சொல் அது. இலங்கையிலும் மதராஸ் மாகாணத்திலும் சிறு கடைக்கு இந்தச் சொல் வழங்குவதை 1886-இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதி பதிவுசெய்திருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த நாகரிகப் பூட்டிக்கும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆகவே பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ‘பூட்டிக் முதலாளி’ என்று கண்டால் ஆடை வடிவமைப்பாளரைத் தேடாதீர்கள். பிளேன்ரீயும் பணிஸும் விற்ற மனிதர் அவர். வெளியூர் வாசகருக்கு எழுதும்போது மட்டும் இந்தப் பழைய பொருளைத் தவிர்ப்பது நல்லது. எனக்கென்னவோ அதைக் கைவிட மனமில்லை.

பெயர்ப் பலகைகளை நம்பி எழுதுவதிலும் ஆபத்து உண்டு. ‘ஹோட்டல்’ என்று பலகை தொங்கும் பல இடங்களில் படுக்கை கிடையாது, கொத்துரொட்டிதான் கிடைக்கும். ‘கொம்யூனிகேஷன்’ என்றால் போட்டோக் கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போடுகிற கடை. ‘வைன் ஸ்டோர்ஸ்’ஸில் அதிகம் விலைபோவது சாராயம். சதொச, பெயரளவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மொத்த விற்பனை நிலையம். நாம் அங்கே வாங்குவது ஒரு கிலோ சீனி.

கொட்டாஞ்சேனை ஒழுங்கைக் கடையைப் பற்றி லண்டனிலிருக்கும் மச்சாளுக்கு எழுதினால் ‘கோர்னர் ஷொப்’ என்று எழுதுங்கள், டொரொன்டோ அண்ணாவுக்கு ‘கொன்வீனியன்ஸ் ஸ்டோர்’. பின்னதில் பொருளை வாங்குபவரே எடுப்பார் என்ற நினைப்பு ஒட்டியிருக்கும்; மேசையும் தராசும் உண்டென்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையை இரண்டு பேருக்கும் மார்க்கெட் என்றே எழுதலாம்.