குமரிமுனைக் கற்பாறை

பாரத தேசத்தின் தென்கோடியில், குமரிமுனைக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் ஒரு கற்பாறை நிற்கிறது. குமரித் தெய்வத்தின் திருவடி பதிந்த இடம் என்று போற்றி, ஜனங்கள் அதை ஸ்ரீபாதப் பாறை என்று வழங்கி வந்தனர். 1892-ஆம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் ஓர் இளந்துறவி அங்கே வந்து சேர்ந்தார். வயது முப்பது நிறையவில்லை, கையில் காசுமில்லை. படகுக் கூலிக்கு வழியின்றி நீந்தியே பாறையை அடைந்தார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. அவரே ஸ்வாமி விவேகானந்தர்.

மூன்று தினங்கள் அவர் எதைத் தியானித்தார்? தமது மோட்சத்தையா? அன்று. 1894-ல் அமெரிக்காவிலிருந்து சகோதரத் துறவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதை விளக்கியிருக்கிறார். வழியெங்கும் கண்ட ஏழைகளின் பசியும் அறியாமையும் அவர் நெஞ்சை வாட்டின. தன்னலமற்ற துறவிகள் கிராமம் கிராமமாகச் சென்று ஜனங்களுக்குக் கல்வி புகட்டினால் தேசம் உய்யும் என்ற திட்டம் அந்தப் பாறையில் உதித்தது.

இத்திட்டத்திற்குப் பொருள் தேடவும் கருதியே அவர் அமெரிக்கா செல்லத் துணிந்தார். அதற்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினர். ஏழைகளுக்காகச் செய்யும் யாத்திரைக்குச் சாமானிய ஜனங்களும் பொருள் தரவேண்டும் என்பது ஸ்வாமிகளின் விருப்பம். 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி சிகாகோவில் ஒலித்த குரலுக்குப் பின்னால் இந்தச் சிறு காசுகளும் இருந்தன.

ஸ்வாமிகளின் நூற்றாண்டு விழா 1963-ல் நடந்தபோது, பாறையில் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்ப அன்பர்கள் விரும்பினர். ஆட்சேபங்கள் எழுந்தன, அனுமதி எளிதில் கிட்டவில்லை. ஏக்நாத் ரானடே என்ற தொண்டர் டில்லிக்குச் சென்று, கட்சி பேதமின்றி 323 பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் கையொப்பம் பெற்று வந்தார். பிறகு அனுமதி கிடைத்தது. கட்டுவதற்குப் பணம்? இங்கும் பழைய வழியே கைகொடுத்தது. செல்வர்களையும் அரசாங்கங்களையும் மட்டும் நம்பியிராமல், ஒரு ரூபாய் முதலாக லட்சக்கணக்கான ஜனங்களிடம் நிதி பெறப்பட்டது. ஸ்தபதி எஸ். கே. ஆச்சாரியின் திட்டப்படி எழுந்த மண்டபத்தை 1970 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜனாதிபதி வி. வி. கிரி திறந்து வைத்தார்.

ஆயினும் கல் மண்டபத்தோடு கடமை தீர்ந்ததா? தீரவில்லை என்பது ரானடேயின் முடிவு. உயிருள்ள ஞாபகச் சின்னமாக 1972 ஜனவரி 7-ஆம் தேதி விவேகானந்த கேந்திரத்தை அவர் ஸ்தாபித்தார். வாழ்நாளைத் தொண்டுக்கே அர்ப்பணிக்கும் ஆடவரும் பெண்டிரும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். 1977 முதல் அருணாசலப் பிரதேசத்தின் மலைநாட்டில் கேந்திரத்தார் பள்ளிக்கூடங்கள் நடத்தி வருகின்றனர். கரையில் அமைந்த விவேகானந்தபுரம் ஒரு விசாலமான வனம். மரநிழலும் மயில்களும் மனத்தை அமைதியில் ஆழ்த்தும். ஸ்வாமிகளின் சரிதையை விளக்கும் கண்காட்சி அங்கே உண்டு. 1982-ல் மறைந்த ரானடேயின் சமாதியும் அங்கேயே இருக்கிறது.

அடுத்த பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000-ஆம் வருஷப் பிறப்பன்று திறக்கப்பட்டது. இரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் அமைந்துவிட்டது. காட்சி ரமணீயமானதே. ஆனால் கடற்காற்று வாங்கி, படமெடுத்துக்கொண்டு திரும்புவதோடு யாத்திரை முடிந்துவிட்டால், அத்துறவி அங்கே அமர்ந்ததன் பயன் நமக்கு எட்டவில்லை என்றே பொருள். குமரிக்குச் செல்லும் குடும்பத்தினர் தியான மண்டபத்தில் சற்று நேரம் மௌனமாக அமரட்டும். ஊர் திரும்பியபின், எழுத்தறியாத ஒரு குழந்தைக்கேனும் கல்வி கிடைக்க வழி செய்யட்டும். பாறையில் உதித்த திட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதில் நம் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு.