லெக் ஃபைட்: மதுரை தந்த போலீஸ்

அடியாள் ஓடி வருவான். விஜயகாந்தின் ஒரு கால் சுவரில் ஊன்றும், உடம்பு அந்தரத்தில் திரும்பும், மறுகால் அவன் நெஞ்சில் இறங்கும். லெக் ஃபைட்! டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த தரை டிக்கெட் கூட்டம் மொத்தமாக எழுந்துவிடும். உதைப்பது அவரேதான் என்று முகமே காட்டிக்கொடுக்கும். அந்த நம்பிக்கைக்குத்தான் விசில்.

மதுரையில் அப்பாவின் அரிசி ஆலையைக் கவனித்துவந்த விஜயராஜ், 1979-இல் ‘இனிக்கும் இளமை’யில் விஜயகாந்த் ஆனார். 1981-இல் எஸ்.ஏ.சந்திரசேகரனின் ‘சட்டம் ஒரு இருட்டறை’ அவரைத் தூக்கிவிட்டது. 1984-இல் மட்டும் 18 படங்கள். பெரும்பாலும் சின்ன முதலீடு, சிறு நகரம், கிராமம் என்ற பி, சி சென்டர்களை நம்பிய வியாபாரம். பிரம்மாண்டத்துக்குக் காசில்லாத இடத்தை அவருடைய உடம்பு நிரப்பியது. அந்தப் படங்களின் கதை பலருக்கு மறந்திருக்கும், உதை மறக்கவில்லை.

அவருடைய போலீஸ் காக்கிச் சட்டைக்கு வலுவான அடித்தளம் போட்டது ‘ஊமை விழிகள்’ (1986). ஆபாவாணன், அரவிந்தராஜ் என்று பிலிம் இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் எடுத்த படம். நரைத்த தலையோடு டி.எஸ்.பி. தீனதயாளனாக நடிக்க அவர் தயங்கவில்லை. 1990-இல் மதுரை நண்பர் இப்ராஹிம் ராவுத்தர் தயாரிப்பில், ஆர்.கே.செல்வமணியின் முதல் படமாக ‘புலன் விசாரணை’ வந்தது. ஆட்டோ சங்கர் வழக்கின் நிழல் படிந்த கதை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் மேலே அதே ஆண்டு வந்த ‘சத்ரியன்’. மனைவியைப் பறிகொடுத்து போலீஸ் வேலையை விட்ட பன்னீர்செல்வம் (விஜயகாந்த்), பிள்ளைகளுக்காக அடங்கிப்போகிறார். பழைய பன்னீர்செல்வமாகத் திரும்பி வா என்று சீண்டுபவர் வில்லன் திலகன்தான். அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் நிற்கும்போது தியேட்டரே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும். ஜாக்கி சானின் ‘போலீஸ் ஸ்டோரி’யை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத எனக்கு, இந்தக் காத்திருப்பு அதில் கிடைத்ததில்லை.

2023 டிசம்பர் 28-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே ‘லப்பர் பந்து’ படத்தில் அவருடைய பழைய பாட்டுக்கு, அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் ஆடினார்கள். அவரது நூறாவது படம் ‘கேப்டன் பிரபாகரன்’ 2025 ஆகஸ்டில் 4கே-யில் திரும்ப வந்தது. எண்பதுகளின் சின்னப் படங்களுக்கும் இந்த மரியாதை வேண்டும். பிலிம் சுருள்கள் கெட்டுப்போவதற்குள் யாராவது கையில் எடுக்க வேண்டும்.