மீன் குஞ்சுக்கு நீந்தத் தெரியாது

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் முட்டையிலிருந்து வெளிவந்த பொன்மீன் குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் நீந்தத் தெரியாது என்பதை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கண்ணாரக் கண்டவன் நான்.

கிணற்றுக்கும் துவைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சிமென்ட் தொட்டி. ஆறடி நீளம், நான்கடி அகலம், இரண்டரை அடி ஆழம். கொசு பெருகுகிறது, தொட்டியை இடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, மீன் விட்டால் கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்று வாதாடித் தவணை வாங்கினேன். கொளத்தூருக்குப் போய் ஐந்து பொன்மீன்களும் இரண்டு கோய் மீன்களும் வாங்கி வந்தேன். அலங்கார மீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற ஊர் அது.

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர் உண்டு. வாயருகே பாருங்கள். கோய் மீனுக்கு இரண்டு இணை மீசை உண்டு. பொன்மீனுக்கு மீசையே கிடையாது. பொன்மீன் சீனத்தில் தோன்றியது. கோய் என்பது ஜப்பானில் நீகாட்டா மலைப்பகுதி உழவர்கள் வளர்த்த சாதாக் கெண்டையின் வண்ண வகை. 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சிக்குப் பிறகே அது ஜப்பான் முழுதும் புகழ் பெற்றது. அதே சாதாக் கெண்டையின் இன்னொரு வகையான கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ஆக, நமக்கும் அது தூரத்து உறவுதான்.

2022 அக்டோபரில் மூன்று பொன்மீன்களின் செவுள் மூடியில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. வெண்புள்ளி நோய் என்று நானே மருத்துவனாகி உப்பைக் கரைத்து ஊற்றினேன். அது நோயன்று, பருவம்! ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்கதிரிலும் இத்தகைய சிறு முகிழ்கள் எழும். நோயாக இருந்தால் புள்ளிகள் உடலெங்கும் ஒழுங்கின்றிப் பரவும். விலங்கியல் மாணவன் உப்புக் கரைத்த கதையைத் துறையில் சொல்ல நெடுநாள் எனக்குத் துணிவு வரவில்லை.

நவம்பர் முதல் வாரம் விடிய விடிய மழை. காலையில் பாட்டியின் குரல்: "ஏண்டா, மூணு மீன் சேர்ந்து ஒண்ணை இந்த அடி அடிக்கிறதே, பிரிச்சு விடக் கூடாதா?" ஓடிப் பார்த்தேன். மூன்று ஆண்களும் வயிறு பருத்த ஒரு பெண்ணைத் துரத்தி, பக்கவாட்டில் முட்டி, ஆகாயத்தாமரை வேருக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. பெண் உடலைச் சிலிர்க்கும்போதெல்லாம் முட்டைகள் சிதறின. அக்கணமே ஆண்கள் விந்தைச் சொரிந்தன. கருவுறுதல் முழுதும் உடலுக்கு வெளியே, நீரிலேதான்.

அது ஏன் மழைக்கு மறுநாள்? குளிர் நாடுகளில் வசந்தத்தில் நீர் வெதுவெதுப்பாவதே இம்மீன்களுக்கு அழைப்பு. நம் ஊரில் நீர் எப்போதும் வெதுவெதுப்புத்தான். இங்கே புதுநீர் வரவும் சிறிது குளிர்ச்சியும் அந்த வேலையைச் செய்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, பெண்ணின் முட்டை முதிர்கிறது. அதன் பிறகு நடப்பதுதான் வியப்பு. முட்டை முதிரும்போது பெண் மீன் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனை நீரில் கசிய விடுகிறது. அதை முகர்ந்த ஆணின் உடலில் விந்து பெருகுகிறது. முட்டை வெளிவரத் தயாரானதும் புராஸ்டாகிளான்டின் என்னும் வேறொரு பொருள் கசிகிறது. உடனே துரத்தல் தொடங்குகிறது. ஒரே பொருள் உள்ளே ஹார்மோனாகவும் வெளியே தூதாகவும் வேலை செய்கிறது! 1980-களில் பொன்மீனை வைத்தே இதனை ஆய்ந்து தெளிந்தார்கள்.

நம் ரோகு, மிர்கால் போன்ற ஆற்றுக் கெண்டைகளுக்கு இந்தத் தொட்டி மழை போதாது. ஆற்று வெள்ளமே வேண்டும். தேங்கிய குளத்தில் அவை முட்டையிடா. வேறொரு மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி அவற்றையும் முட்டையிடச் செய்தவர் ஹிராலால் சௌதுரி. 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் கண்ட அவ்வெற்றியின் நினைவாகவே அந்நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

என் கதைக்கு வருகிறேன். பெண் மீனின் செதில்கள் பல உதிர்ந்திருந்தன. நான் வேடிக்கை பார்த்து நின்றேனே தவிர, மறுபடியும் துரத்தப்படாமல் அதைத் தனியே எடுத்துவிடத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அது இறந்தது. முட்டைகளோ, பெற்றவற்றுக்கே அன்று மாலை உணவாயின. பொன்மீனுக்குத் தன் முட்டை, பிறர் முட்டை என்ற பேதம் கிடையாது.

2023 ஜூலையில், எஞ்சிய பெண் மீன் முட்டையிட்டபோது வேரோடு முட்டைகளை வாளிக்கு மாற்றினேன். அவசரத்தில் வாளியை நிரப்பியது குழாய்த் தண்ணீர்! அதிலிருந்த குளோரினில் அத்தனை முட்டையும் வெளுத்துப் பஞ்சு பூத்தன. தண்ணீரை ஒருநாள் வெயிலில் வைத்திருக்கலாம். அல்லது வேதியியல் கூடத்தில் நாள்தோறும் கையாளும் ஹைப்போவைச் சிறிது இட்டிருக்கலாம்.

அக்டோபர் கடைசியில் மூன்றாம் முறை. இம்முறை பெண் மீனை உடனே பிரித்தேன். பழைய மழைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் முட்டைகளை விட்டேன். கருவுற்றவை கண்ணாடி போல் தெளிந்திருந்தன. இரண்டாம் நாளே உள்ளே இரு கரும்புள்ளிகள், அவையே கண்கள். மூன்றாம் நாள் குஞ்சுகள் வெளிவந்தன. ஆனால் நீந்தவில்லை. தலையில் உள்ள ஒட்டுச் சுரப்பியால் சுவரிலும் வேரிலும் தொங்கின. கருவுணவு தீரும் தறுவாயில் ஒவ்வொன்றாகத் தடுமாறி மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கின. அக்காற்று காற்றுப்பையை நிரப்பிய பிறகே மீன் மீனாகிறது.

வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவே குஞ்சுக்கு எளிய உணவு என்பார்கள். எங்கள் வீட்டில் முட்டை நுழையாது. ஆகவே வைக்கோலை ஊறவைத்து, செய்முறை வகுப்பில் நாம் நுண்ணோக்கியில் பார்க்கும் பாரமீசியத்தை வளர்த்து ஊட்டினேன். நாற்றத்தைப் பாட்டி ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார்.

டிசம்பர் 4-ஆம் நாள், மிக்ஜாம் புயல் மழை. கொல்லையில் முழங்கால் அளவு நீர். தொட்டி விளிம்போடு விளிம்பாகத் ததும்பியது. கொசுவலையை மேலே இழுத்துக் கட்டி, செங்கல் வைத்து அழுத்தினேன். நீர் வடிந்தபின் எண்ணினால், ஏறத்தாழ இருநூறில் அறுபத்தொன்று. அப்போது எல்லாம் சேற்று நிறம். பொன் நிறம் ஏற மாதங்கள் ஆகும். சில கடைசிவரை நிறம் மாறவே இல்லை.

மிகுந்தவற்றை அடையாற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடு என்றார்கள் நண்பர்கள். கூடாது. இவை சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, நம் ஊர் மீன்களின் உணவைப் பறிக்கும் அயல் மீன்கள். 2024 மார்ச்சில் நாற்பதை, வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதி தொட்டியில் இருக்கின்றன. இடிக்கும் பேச்சு இப்போது வீட்டில் எழுவதில்லை. காலையில் பொரி போடுவது பாட்டிதான்.